ஒரே ஒரு ஓட்டை

அன்று காலை அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம், மடியில் கணினியோடு சர்னாய். அவளுக்கு எதிரே, செல்போனைக் கையில் உருட்டிக்கொண்டு அவள் கணவன் தெமூலன். நடுவில், குட்டை மேசை நிறைய விளம்பரத் தாள்களைப் பரப்பிக்கொண்டு, அவர்கள் இருவருக்கும் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் சகாஷிதா டீச்சர். வீட்டுக்காரர் குவபாரா மட்டும் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தார், விட்டால் யாராவது சுவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

“ஒரு ஓட்டை,” என்றார் அவர். “ஒண்ணே ஒண்ணு. ரெண்டாவது விழுந்துச்சுன்னா நீங்க வேற வீடு பார்த்துக்கணும்.”

“கேபிள் உள்ளே வர ஒண்ணு போதும் ஐயா,” என்றாள் சர்னாய்.

மங்கோலியாவிலிருந்து ஜப்பானின் ஒகாயாமாவுக்கு வந்த பிறகு இப்போதுதான் அவளுக்கு முதல் வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்க்கலாம். ஆனால் திங்கட்கிழமைக்குள் வீட்டில் சொந்தமாக இணைய இணைப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

டீச்சர் கடைசித் தாளையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “வேகம் எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. முதல்ல மலிவு, அப்புறம் கழுத்தைப் பிடிப்பாங்க, அதுவும் ஒண்ணுதான். ஆனா எவன்கிட்ட கேட்டாலும் ஆள் வர ஒரு மாசம் ஆகும்.”

சர்னாய் கணவனைப் பார்த்தாள். “போன மாசம் பூரா இந்தக் கம்பெனிக்காரங்கதானே உனக்கு போன் பண்ணிப் பண்ணிக் கேட்டாங்க?”

“அப்போ உனக்கு வேலை கிடைக்கலையே. அதான் எல்லாரையும் மரியாதையா மறுத்துட்டேன். அவங்களும் தங்கமான மனுஷங்க. ஒருத்தரும் கோவிச்சுக்கலை, நன்றி சொல்லித்தான் போனை வெச்சாங்க.”

“பெரிய மரியாதை. ஒருத்தனையாவது மிச்சம் வெச்சிருக்கலாம்.”

“அவரைத் திட்டாதீங்க,” என்றார் டீச்சர். “வேண்டாம்னு இந்த ஊர்ல மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூடாதுன்னு வகுப்புல சொல்லிக் குடுத்ததே நான்தான்.”

குவபாராவுக்குக் குடும்பச் சண்டை பிடிக்காது. தான் கொண்டுவந்திருந்த கமலா ஆரஞ்சுப் பையை முன்னால் நகர்த்தினார். “அதை விடுங்க தம்பி. இன்னொரு பழம்?”

“பரவாயில்லைங்க,” என்றான் தெமூலன்.

அவர் சந்தோஷமாக இரண்டு எடுத்து வைத்தார். அவன் முன்னால் ஏற்கெனவே ஐந்து இருந்தன.

அப்போதுதான் அழைப்பு மணி அடித்தது. வாசலில் நீலச் சீருடையில் ஒருவர், கையில் துளை போடும் மெஷின்.

“தெமூலன் வீடுங்களா? இன்டர்நெட் கனெக்‌ஷன் குடுக்க வந்திருக்கேன்.”

“நாங்க ஆர்டரே…” என்று தெமூலன் ஆரம்பிக்க, சர்னாய் அவன் காலை நன்றாக மிதித்தாள். “உள்ளே வாங்க, உள்ளே வாங்க,” என்றாள்.

குவபாரா விரல் வைத்த இடத்தில் துளை விழுந்தது. உள்ளே வந்த கேபிளைப் பெட்டியில் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. கணினியில் ஒரு படத்தைத் தட்டினாள் சர்னாய். திக்காமல் திணறாமல் ஓடியது. யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீலச் சீருடைக்காரர் வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி மணி அடித்தது. இந்த முறை மஞ்சள் சீருடை. வேறு கம்பெனி. மெஷின் இன்னும் பெரியது.

குவபாரா எழுந்துபோய் இரண்டு கைகளையும் விரித்துச் சுவரை மறைத்துக்கொண்டு நின்றார்.

“நீங்க ஒத்துக்கிட்டதா எங்க கணக்குல இருக்கு,” என்றார் மஞ்சள் சீருடைக்காரர். “வேண்டாம்னா எழுத்துல வரணும். இல்லைன்னா புதன்கிழமை திரும்ப வருவேன்.”

“புதன்கிழமை இவர் உள்ளே வந்தா உங்க சாமான் வெளியே வரும்,” என்றார் குவபாரா.

தெமூலனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “சத்தியமா ரெண்டு பேர்கிட்டயும் மறுத்துத்தான் டீச்சர் பேசினேன்.”

“இந்த போன்காரங்களே இப்படித்தான்,” என்றார் டீச்சர். “இல்லைன்னு சொன்னா ஆமான்னு எழுதிக்குவாங்க. கடிதம் போட்டாத்தான் அடங்குவாங்க. நான் எழுதித் தரட்டுமா?”

“வேண்டாம் டீச்சர். என் வாயால சொன்னதை என் கையாலயே எழுதறேன். நீங்க உறை மேல விலாசம் மட்டும் எழுதுங்க.”

மாணவன் அப்படிச் சொன்னதில் டீச்சருக்குப் பெருமை. விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, துளையைச் சுற்றி உதிர்ந்த சுண்ணாம்பைக் குவபாராவோடு சேர்ந்து துடைக்கப் போனார். தெமூலன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். மடித்தான், உறையில் போட்டான், பசை தடவி ஒட்டினான்.

தெருமுனைக்கு டீச்சரும் கூடவே வந்தார். தபால்காரர் சிவப்புப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார். தெமூலன் ஓடிப்போய் அவர் கையிலேயே கொடுத்தான். வண்டி கிளம்பி, முனை திரும்பி மறைந்தது.

“இந்தத் தடவையாவது அவங்களுக்குப் புரியற மாதிரி எழுதினீங்களா?” என்று கேட்டார் டீச்சர்.

“வகுப்புல நீங்க சொல்லிக் குடுத்தது, போன்ல நான் சொன்னது, அதே வார்த்தைதான் டீச்சர்: ‘பரவாயில்லைங்க.’”