பெரிய எழுத்து

“மொத ரீடரு கனமா கீதுன்ன, ரெண்டாவது கண்ணு கூசுதுன்ன. இது பேப்பராட்டம் லேசு, ஒரே பட்டன்தான். எழுத்தைப் பெருசா வச்சிருக்கேன், தெரியுதா நைனா?” ஈ-புக் ரீடரை அப்பாவிடம் நீட்டினான் ராபின்.

இம்மானுவேலுக்குச் சொல்ல வேறு குறை அகப்படவில்லை. “தெரியுதுப்பா.”

“அப்பாடா! கண்ணு மங்கிடுச்சுன்னு நீ சொன்னதுலேர்ந்து, பைபிள் படிச்சிக் காட்ட ஞாயித்துக்கிழமை ஆனா அத்திப்பட்டுலேர்ந்து ஓடியாந்துக்கினு இருந்தேன். இனிமே நீயே படிச்சிக்கலாம்.”

“சார்ஜு தீந்துட்டா?”

“ஒரு மாசம் நிக்கும் நைனா.”

மகனின் பைக் கவரைப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி மறையும்வரை இம்மானுவேல் வாசலிலேயே நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டையில் அறுந்த பட்டனைத் தைக்க உட்கார்ந்தார்.

ஊசியின் காதுக்குள் நூல் முதல் தடவையிலேயே நுழைந்தது.