ஆறரை மில்லி

"ஆறரை மில்லிமீட்டர் திருகாணியே போடு, செமிசி. பருமன் கூடினா பிடிமானமும் கூடும். இதுகூட உனக்குத் தெரியாதா?"

டாக்டர் மெரெயானா போஹாட்டு சுவரில் சாய்ந்து நின்றபடி அதட்டினார். ஆக்லாந்தில் முதுகெலும்பு அறுவை என்றாலே அந்தப் பெண்மணியின் பெயர்தான். அவருக்கு எதிர்ப்பேச்சு பேச அந்த ஆஸ்பத்திரியில் ஆளில்லை.

செமிசி அங்கே சர்ஜனாகச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. நோயாளியின் பெயர் போடாத அந்த ஸ்கேன் படத்தைத் திரையில் பெரிதாக்கினான்.

"பிடிமானம் கூடும், டாக்டர். ஆனா திருகாணி இறங்கவேண்டிய எலும்புக் காம்பைப் பாருங்க. அகலமே ஆறு மில்லிதான். அதுல போய் ஆறரையை முறுக்கினா காம்பு பிளந்துடும். ஒட்டினாப்புல நரம்பு ஓடுது."

"அஞ்சரை போட்டா மட்டும்? எலும்பு ஏற்கெனவே பலவீனம். கொஞ்ச நாள்ல ஆட ஆரம்பிச்சு, பிடுங்கிக்கிட்டு வந்துடும். பாவம், தோணிப் பந்தயத்துக்குப் போற பொம்பளை. மறுபடியும் துடுப்புப் பிடிக்கணும்னு கிடந்து தவிக்கிறா."

"பருமனுக்குப் பதிலா நீளத்தைக் கூட்டுவோம். கீழே இன்னொரு எலும்பையும் சேர்த்துப் பூட்டுவோம். பாரம் பிரிஞ்சுடும்."

"காலைல நம்ம சர்ஜன்கள் ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். ஆறரைதான்னு தலையாட்டிட்டுப் போனாங்க. நீ மட்டும் பெரிய மேதாவியோ?"

செமிசி திரைப் பக்கம் திரும்பினான். அவன் வேலை நிரந்தரமாவது இவர் கையில்தான் இருந்தது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்தக் காம்பை மறுபடி அளந்து பார்த்தான். ஆறேதான்.

"மன்னிச்சுக்கோங்க, டாக்டர். ஆறரைதான்னா நான் கத்தியைத் தொடமாட்டேன். வேற யாரையாவது பாருங்க. அந்தம்மா துடுப்புப் பிடிக்கிறது அப்புறம், முதல்ல அவங்க நடக்கணும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் உயர்ந்துவிட்டது அவனுக்கு உறைத்தது. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மெரெயானா அவனையே பார்த்தார். அப்புறம் மெல்லச் சிரித்தார்.

"ஆறரை தப்புன்னு எனக்கும் தெரியும்டா. என் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ற ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரை விட்டு நகர்ந்தார்.

"வியாழக்கிழமை என் முதுகைத் திறக்கப்போறது நீதான்."