குடல் காவல்

ஒரு குடலில் வெள்ளையணு ஒன்று காவல் பார்த்து வந்தது. ஒரு முறை கெட்ட கிருமி ஒன்றை விரட்டியதிலிருந்து அதற்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். தயிரோடு வந்த சாதுவான பாக்டீரியாவைக்கூடத் தடியால் அடித்தது. அடியெல்லாம் பெரும்பாலும் குடல்சுவரில்தான் விழுந்தது.

சுவர் முழுக்கப் புண்ணானதும், காரணத்தை ஆராய ஒரு குட்டிக் கேமரா உள்ளே வந்தது.

"இந்தப் புண்ணெல்லாம் யார் வேலை?" என்று கேட்டது கேமரா.

"கிருமிங்க வேலைதாங்க," என்றது வெள்ளையணு.

"கிருமியைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"மூணு வருஷமா ஒண்ணுகூட வரலைங்க. நம்ம காவல் அப்படி."

"அப்ப அந்தத் தடியைக் கொஞ்சம் கீழே வைக்கலாமே, அண்ணே," என்று சுவர் முனகியது.

வெள்ளையணு கேமராவை நெருங்கிக் குரலைத் தாழ்த்தியது.

"கேட்டீங்களா? இந்தச் சுவரும் அவங்க ஆளுதான்."