பூங்கோதையின் பெயர் பட்டியலில் இல்லை

ஈரோட்டுத் தையல்காரி பூங்கோதையின் வீட்டில் காலை எட்டு மணிக்கே வாக்குப்பெட்டி வந்து இறங்கிவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தாயிற்று. அது திரும்பி வராமலிருக்க, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை ஐந்து வருஷம் விழுங்குவதா, வேண்டாமா? உடம்பின் உறுப்புகளே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம்.

மூட்டுவலிக்குப் பயந்த விரல்களும் முழங்கால்களும் ‘வேண்டாம்’ என்று குத்தின. நோய் அடுத்து நம் வீட்டுக்குத்தானே வரும் என்று நடுங்கிய நுரையீரலும் கல்லீரலும் ‘வேண்டும்’ என்றன. மாத்திரைக்கும் பயம், நோய்க்கும் பயம் என்றிருந்த எலும்புகள் இரண்டிலும் குத்தி, தங்கள் ஓட்டைச் செல்லாததாக்கின. எண்ணிப் பார்த்தால் சரிசமம்.

“அப்ப நான் போடறனுங்க,” என்றாள் பூங்கோதை.

தேர்தல் அலுவலர் பட்டியலைப் புரட்டினார். “உங்க பேரு இதுல இல்லீங்களே.”

“ஏனுங்க, உடம்பே என்னுதுங்க!”

“இருக்கலாமுங்க. பட்டியல்ல இல்லீங்க.” கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. “இடது மார்புன்னு ஒரு பேரு பாக்கி இருக்குது.”

“அதைத்தான் ஆவணியிலயே எடுத்துட்டாங்களே!”

“பேரை நீக்கலீங்க. தபால் ஓட்டும் வந்திருக்குது.” உறையைப் பிரித்தார். “‘வேண்டும்’னு குத்தியிருக்குதுங்க.”

பூங்கோதை, ரவிக்கைக்குள் தானே தைத்து வைத்திருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். “போனதே சொல்லிருச்சு. இனி நான் என்ன சொல்றது?”

மாத்திரையைப் பிரித்து வாய்வரை கொண்டுபோகும் வேலை, ஓட்டு மை காயும் முன்பே தோற்று நின்ற விரல்களின் தலையிலேயே விழுந்தது.