சாவுச் செலவு

மேஸ்திரிக்கு நான் தரவேண்டியது மூவாயிரத்து அறுநூற்றைம்பது.

எட்டு மாதக் கடன். ஒரு பூச்சுக் கரண்டி காணாமல் போனாலும் வேலையை நிறுத்திவிட்டுத் தேடச் சொல்கிற மனுஷன், இந்தக் காசை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததுதான் என்னை அறுத்தது. கூலி போடும் சனிக்கிழமைகளில் சிமென்ட் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். கடைசி ஆளாக வந்து, அவர் முகம் பாராமல் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன்.

ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, குடியை விட்டவர்கள் கூடும் இடங்களை நர்ஸம்மா வரிசையாகச் சொன்னார். ஒன்று எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. அது வேண்டாம், தெரிந்த முகம் எதுவும் வராத இடமாகச் சொல்லுங்கள் என்றேன்.

"குடிச்சிட்டு ரோட்டுல கிடந்தப்ப ஊரே பாத்துச்சு. விடும்போது பாத்தாத்தான் வெக்கமா?" என்றார். ஆனாலும் தூரத்து விலாசம் ஒன்றைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மூலையில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். சுவரில் ஓர் அட்டை. எனக்கு அப்போது எழுத்து தெரியாது. கூட்டத்தை நடத்திய தையல்காரர்தான் வாசித்தார்: இங்கே கேட்டதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

என் முறை வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் ஒரு குடிநோயாளி. குடிக்கக் காசில்லாம எங்கம்மாவச் சாகடிச்சேன்."

பக்கத்து நாற்காலி சட்டென்று நகர்ந்தது.

"ஐயோ, நெசமா இல்லீங்க. ஊர்ல செத்துட்டாங்கன்னு சொல்லி மேஸ்திரிகிட்ட கடன் வாங்கினேன். அவங்க ஊர்ல கல்லு மாதிரி இருக்காங்க."

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அந்தக் காசை மூன்று நாளில் குடித்துத் தீர்த்ததைச் சொன்னேன். நாலாம் நாள் துக்க முகத்தோடு வேலைக்குப் போனதைச் சொன்னேன். மேஸ்திரிக்குத் தெரிந்தால் அன்றைக்கே என் சீட்டு கிழிந்துவிடும், ஆனால் எங்கேயாவது கொட்டாவிட்டால் மறுபடி குடித்துவிடுவேன் என்றேன்.

முடித்ததும் ஒரு கை டீ கிளாசை நீட்டியது.

கட்டைவிரலில் நகம் இல்லாத கை. மேலேயிருந்து விழுந்த செங்கல் அந்த நகத்தைக் கொண்டுபோனபோது பக்கத்தில் நின்றவன் நான்.

மேஸ்திரி.

கிளாசை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அடுத்த தெருக்காரர். அவரும் இரண்டு பஸ் மாறித்தான் வந்திருக்கிறார்.

போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். வட்டம் சுற்றி அவரிடம் வர அரைமணி நேரம் ஆனது. என் டீ ஆறிப்போனது. நாளைக்கு எந்தக் கட்டடத்தில் போய் வேலை கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நானும் குடிநோயாளிதான். விட்டு நாலு மாசம் ஆச்சு" என்று ஆரம்பித்தார். "அதுக்கு முன்னாடி, என்கிட்ட வேலை பாக்குறவன் ஒருத்தன் அம்மா செத்துட்டாங்கன்னு வந்து நின்னான். ஆளுங்க இருபத்திரண்டு பேரும் ஆளுக்கு அரைநாள் கூலிய எடுத்து என் கையில குடுத்தாங்க. ஏழாயிரத்து முந்நூறு. கடனா இல்ல, அவனுக்குச் சும்மாவே."

அந்த வாரம் சித்தாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதும், வாய் ஓயாத கொத்தனார் என்னிடம் மட்டும் மெதுவாகப் பேசியதும் ஞாபகம் வந்தது.

"பாதிய அவன்கிட்ட குடுத்தேன். இது என் கைக்காசு, கடனா வச்சுக்க, வெளிய மூச்சு விடாதன்னு சொன்னேன். மீதிப் பாதிய நான் குடிச்சேன். அன்னைலேருந்து அவன் மூஞ்சிய என்னால பாக்க முடியல."

தையல்காரர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்தது. மாடிப்படியில் அவர் பின்னால் ஓடினேன்.

"மேஸ்திரி, நான் தரவேண்டிய அந்த..."

"நீ எனக்கு என்னடா தரணும்? ஒண்ணுமில்ல. ஆளுங்களுக்குத்தான் தரணும், நீ பாதி, நான் பாதி. என் பாதிய நாளைக்குக் காலைல அவங்க முன்னாடி நான் சொல்லிடறேன். உன் பாதிய நீயா சொன்னா உண்டு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

இரண்டு படி இறங்கினார். நின்றார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா எப்படிடா இருக்காங்க?"

"முட்டிவலி மட்டுந்தான், மேஸ்திரி."