எஸ்கலேட்டரின் பேட்டி

அந்தச் சின்ன ஊர் மாலில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. எஸ்கலேட்டர் நின்றும் வருஷக்கணக்காகிவிட்டது. கட்டடத்தை இடிக்கும் முன் ஆவணப்படம் எடுக்க ஒரு கேமரா வந்து சேர்ந்தது.

"மனசுல இருக்கிற குறையெல்லாம் கொட்டுங்க," என்றது கேமரா.

துணிக்கடை பொம்மை முந்திக்கொண்டது. "குறைக்கா பஞ்சம்? என் மேல ஒரு சேலை பட்டு எத்தனை நாளாச்சு."

எஸ்கலேட்டருக்கு யோசித்தும் குறை எதுவும் அகப்படவில்லை. "திறந்த புதுசுல ஜனங்க செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, வலது காலை எடுத்து வச்சுத்தான் என் மேல ஏறுவாங்க. மேலே போனப்புறம்தான் செருப்பு ஞாபகமே வரும்," என்றது.

"இதுல சோகம் எங்கே இருக்கு?" என்று கேமரா சலித்துக்கொண்டது.

அந்நேரம் பேட்டி கொடுக்க மீன்காரி சகாயமேரி வந்தாள். பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை வைத்தாள். படி நகராது என்று தெரிந்ததும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறத் தொடங்கினாள்.

ஓடிய காலத்தில் ஒருவர் ஒரே படியில் நின்றபடி மேலே போய்விடுவார். மற்ற படிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இன்றைக்கு அவள் பாதம் ஒவ்வொரு படியிலும் பட்டது.

"இப்பவாவது குறையைச் சொல்லுங்க," என்றது கேமரா.

"கொஞ்சம் பொறுங்க," என்றது எஸ்கலேட்டர். "கடைசிப் படி இன்னும் காத்துட்டு இருக்கு."