ஒரு வாரப் பிரிவு

“ஒரு வாரம் நீ ரோவினாவைப் பிரிஞ்சு இருக்கணும் தம்பி” என்றார் பாடகி ரோவினாவின் மேனேஜர் கிளெட்டஸ்.

சோள ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்த ஹார்லன் திகைத்தான். “எங்களுக்குள்ள சண்டையே இல்லியேண்ணே?”

“அதான் பிரச்னையே. முன்னெல்லாம் அவ சோகமா எழுதுவா, டென்னசி மாநிலமே அழும். உன்னைக் கட்டினதுலேர்ந்து ஒரு பாட்டு வரலை. இந்த மாசமும் வரலைன்னா ரெக்கார்டு கம்பெனி கையை விரிச்சுடும். கன்ட்ரி பாட்டுக்கு உசுரே சோகம்தானே?”

“நியாயம்தான். எங்க மாமா ஒருத்தர் பேன்ஜோ வாசிப்பார். பொண்டாட்டி ஓடிப்போன பிறகுதான் அவருக்கு சுருதியே சேர்ந்துச்சு. அந்த அத்தை என்ன ஆனாங்கன்னா...”

“போறியா, இல்லையா?”

அரை நாள்கூட அவளைப் பார்க்காமல் இருந்ததில்லை. ஆனாலும் தன்னால் அவள் பிழைப்பு கெடலாமா? கென்டக்கியில் அண்ணன் வீட்டு வேலியைச் சரிசெய்ய வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். ரோவினா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாரம் முடிந்து ஓடோடி வந்தான். கிளெட்டஸும் வந்திருந்தார். ரோவினா கிடாரை எடுத்துப் புதுப்பாட்டைப் பாடினாள்.

மருந்துக்கும் சோகம் இல்லை. காலையில் சீட்டியடித்தபடி ரொட்டி சுடும் ஒரு புருஷனைப் பற்றிய பாட்டு. கேட்கக் கேட்கக் கால் தானாகத் தாளம் போட்டது. ஹார்லனுக்கோ கண்ணீர் நிற்கவில்லை.

“பிரமாதம் ரோவி” என்றவன், கிளெட்டஸ் காதில் கிசுகிசுத்தான். “சோகமே இல்லியேண்ணே, கம்பெனி எடுத்துக்குமா?”

“நேத்தே எடுத்துக்கிட்டாங்க.”

“அப்ப நான் பிரிஞ்சு போனதுக்குப் பலன்?”

“நிழலோட அருமை வெயில்லதான் தெரியும். நீ போனதாலதான் இந்தப் பாட்டே வந்துச்சு.”

ஹார்லன் பூரித்துப்போனான். அண்ணன் வீட்டு வேலிக் கதையை ஆரம்பித்தவன், காபி போடச் சமையலறைக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை.

ரோவினா கிளெட்டஸ் பக்கம் குனிந்தாள்.

“அடுத்த பாட்டுக்கும் இதே சோகக் கதையைச் சொல்லி அனுப்பிடுங்கண்ணே. தங்கமான மனுஷன், ‘கொஞ்சம் வாயை மூடுங்க, எழுதணும்’னு நான் எப்படிச் சொல்றது?”